ஹெரால்டுக்கு எதுக்குங்க மாருதி இன்ஜின்?

கார் வாங்கிட்டேன் மக்கா.

பொட்டி தட்டுறவன் கார் வாங்குறதெல்லாம் ஒரு பதிவான்னு கேக்காதீங்க. ஷோரூம்ல மாலை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி இறக்கின வண்டி இல்ல இது. 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரெண்டு கதவு. என்னை விட முப்பது வயசுக்கு மேல மூத்தது. ராஜபாளையத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுக் கொட்டகையில மூணு வருஷமா தார்ப்பாய்க்கு அடியில கிடந்துச்சு. என்ன விலைன்னு எழுத மாட்டேன். இந்தப் பதிவை எங்கப்பாவும் படிக்கிறார் :-)

வாங்கின நாள்ல இருந்து ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வன்னியம்பட்டியில ஒரு ஷெட்டுலதான் குடித்தனம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல மதுரை - கொல்லம் ரோட்டுல பஸ் நிக்குமே, அந்த விலக்குதான். லேப்டாப்பை ஷெட்டு ஸ்டூல்ல வச்சு மீட்டிங் எடுத்திருக்கேன். பின்னாடி சுத்தியல் சத்தம் கேட்டு, வீட்டுல ஏதோ வேலை நடக்குதுன்னு மேனேஜர் நெனச்சுக்கிட்டார். பொய்யில்லையே.

ஷெட்டு வாசல் ரோட்டைப் பார்த்து இருக்கறதால வர்றவன் போறவன் எல்லாம் ஒரு யோசனை சொல்லிட்டுப் போறான். அதுல முக்காவாசிப் பேர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "பழைய இன்ஜினைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு மாருதி வேன் இன்ஜினை வையுங்க தம்பி, தொந்தரவே இல்ல." இன்னொரு கூட்டம் இருக்கு, அது கொஞ்சம் வசதியான கூட்டம். "ஒரு ஆணியைக்கூட மாத்தாதீங்க, வின்டேஜ்னு பதிஞ்சு ஷெட்டுல நிப்பாட்டுங்க, பத்து வருஷத்துல நல்ல விலை போகும்"கிறாங்க. எங்கப்பா ரெண்டு கட்சியிலயும் இல்ல. அவர் ஓட்டு காயலான் கடைக்கு.

மூணு பேருமே இந்த வண்டியை சாகடிக்கத்தான் வழி சொல்றாங்கன்னு நான் நெனைக்கிறேன். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்தக் காரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கொசுவத்தி சுத்திக்கோங்க.

ஹெரால்டு மெட்ராஸ்ல செஞ்ச கார். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்னு கம்பெனி, பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் ஃபாக்டரி. இங்கிலாந்துல 1959-ல டிரையம்ப் ஹெரால்டுன்னு வந்ததை இங்க 1961-ல இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு போட்டாங்க. இதுல ஒரு கூத்து என்னன்னா, இங்கிலாந்துல "ஸ்டாண்டர்டு"ங்கற பேருக்கு மவுசு போயி 1963-லயே அந்தப் பேரை மூட்டை கட்டிட்டாங்க. நம்ம ஊர்ல அது 1980-கள் கடைசி வரைக்கும் ஓடுச்சு. ஹெரால்டுக்குப் பின்னாடி 1972-ல கெஸல், 1985-ல ஸ்டாண்டர்டு 2000, அதோட கதை முடிஞ்சது. ஃபாக்டரி இருந்த இடத்துல இப்ப ஐ.டி. வளாகமும் அடுக்குமாடியும். என் வண்டியோட சேஸிஸை இறக்கின தரையில இன்னிக்கு எங்க ஆளுங்க ஏ.சி.யில உட்கார்ந்து கோடு அடிக்கிறாங்க. நினைச்சா ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

அந்தக் காலத்துல இந்தியாவுல கார்னா மூணே மூணு. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. முதல் ரெண்டுக்கும் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல. ஹெரால்டுக்கு மட்டும் தரையில, கைக்கு அடக்கமா ஒரு குச்சி. பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஏறி இறங்கும். முன்னாடி பானட்டோட மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து, முழு மூஞ்சியும் முன்பக்கமா கவிழும். முன் டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடிக்குள்ள முழு வட்டம் அடிச்சுத் திரும்பும். ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில நான் ஒரே திருப்புல திரும்பினதைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் பிரேக் போட்டு நின்னார். டிசைன் பண்ணினவர் இத்தாலிக்காரர், ஜியோவான்னி மிக்கலாட்டி.

ஸ்போர்ட்ஸ் கார்னு நான் சொன்னா சிரிப்பீங்க. நாப்பது குதிரைகூட இல்லாத 948 சிசி இன்ஜின். ஆனா இந்த எலும்புக்கூட்டைத்தான் வெட்டிச் சின்னதாக்கி 1962-ல டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செஞ்சாங்க. அதுக்கும் பாடி வரைஞ்சது அதே மிக்கலாட்டிதான். 1980 வரைக்கும் மூணு லட்சத்துக்கும் மேல போட்டாங்க. ஒரே வம்சம். முன் சஸ்பென்ஷனைக் கழட்டி வச்சுப் பார்த்தா எது அண்ணன் எது தம்பின்னு சட்டுனு சொல்ல முடியாது. ஸ்பிட்ஃபயர் வாங்குற துட்டு எனக்கில்ல. பெரியப்பா மகன் கிடைச்சார், போதும்.

இப்ப இந்த வண்டி ஏன் இப்படி இருக்குங்கற கதை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர். 1950-கள்ல பெரிய கம்பெனிகள் எல்லாம் சேஸிஸ் தனி, பாடி தனிங்கற பழைய முறையை விட்டுட்டு, ரெண்டையும் ஒண்ணா வெல்டு பண்ற முறைக்குப் போயிட்டு இருந்தாங்க. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி அடிச்சுக் கொடுத்துட்டு இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல போட்டிக் கம்பெனி பி.எம்.சி. வாங்கிடுச்சு. இவங்க நடுத்தெருவுல. முழு பாடியா அடிச்சுத் தர ஆள் இல்ல. அதனால, சரி, சேஸிஸைத் தனியாப் போடுவோம், பாடியைத் துண்டு துண்டா வேற வேற இடத்துல அடிச்சு வாங்கி போல்ட்டு போட்டு முடுக்குவோம்னு முடிவு பண்ணாங்க. காலத்துக்குப் பின்தங்கின டிசைன்தான். ஆனா துண்டு துண்டா பெட்டியில கட்டி வெளிநாட்டுக்கு அனுப்ப அது தோதா அமைஞ்சுபோச்சு. மெட்ராஸுக்கு ஹெரால்டு வந்து சேர்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

எவனோ பாடி தரமாட்டேன்னதால போட்ட அந்த போல்ட்டுங்கதான் இன்னிக்கு வன்னியம்பட்டியில என்னைக் காப்பாத்துது. பின் மட்கார்டுல துரு. வெல்டிங் கட்டர் எடுக்காம, பத்துப் பதினஞ்சு போல்ட்டைக் கழட்டி, தகரத்தைத் தனியா எடுத்துட்டுப் போய் டிங்கர் வேலை பார்த்துட்டு திரும்ப மாட்டியாச்சு. புதுக் கார்ல இதே எடத்துல ஒரு அடி வாங்கினா ஆயிரத்தெட்டு கிளிப்பு, அத்தனையும் உடைஞ்சுதான் வெளிய வரும். (போல்ட்டு போட்ட பாடிக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. இணைப்பு எல்லாத்துலயும் மழைத்தண்ணி உள்ள வரும். நம்ம ஊர்ல பெய்யுற மழைக்கு அது பரவாயில்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கறதுல உள்ள ஒரே நன்மை. அதோட கடல்காத்தும் கிடையாது. சேஸிஸை அடியில படுத்துக்கிட்டு குத்தூசியால குத்திக் குத்திப் பார்த்தேன், ரெண்டு எடத்துலதான் உள்ள போச்சு.)

சரி, மாருதி இன்ஜினுக்கு வருவோம். அதைச் சொல்றவங்க கெட்டவங்க இல்ல. நடுரோட்டுல நிக்கக் கூடாது, ஸ்பேர் எந்தக் கடையிலயும் கிடைக்கணும்னு நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. பழைய மாருதி வேன்ல இருக்கறது 796 சிசி. அதுவும் நாப்பது குதிரைக்குக் கீழதான். மாருதி 800 எடை 650 கிலோ சொச்சம், ஹெரால்டு 800 கிலோ பக்கம். குதிரை ஏறலை, இழுக்க வேண்டிய பாரம் ஏறிடுச்சு. கியர் பாக்ஸ் மாத்தணும், மவுண்ட் புதுசா வெல்டு பண்ணணும், சாஃப்டை வெட்டணும். ஆர்.சி. புக்குல இருக்குற இன்ஜின் நம்பர் வேற, வண்டியில இருக்குறது வேறன்னு ஆயிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அனுமதி இல்லாம அப்படி மாத்தக் கூடாது.

அப்ப இன்னும் பெரிய இன்ஜினா வைக்கலாமேன்னா, அங்கதான் உசுரு மேட்டர். ஹெரால்டோட பின் ஆக்ஸில் ஒரு வில்லங்கம் பிடிச்ச சாமான். ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஆடும்னு சொன்னேன்ல, வேகமா வளைவுல போயி பயந்துபோய் திடீர்னு ஆக்ஸிலேட்டரை விட்டீங்கன்னா வண்டி பின்பக்கம் எக்கிக்கிட்டு, பின் சக்கரம் உள்பக்கமா மடங்கப் பார்க்கும். வண்டி அப்படியே சுத்தும். ஸ்பிட்ஃபயருக்கும் இதே நோய் இருந்துச்சு, 1970-ல வந்த நாலாவது மாடல்லதான் ஸ்பிரிங் பட்டையை மாத்தி அதை அடக்கினாங்க. நம்ம ஊர்ல கெஸல் வந்தப்ப தனித்தனி ஆட்டமே வேண்டாம்னு ஒரே கட்டை ஆக்ஸிலாப் போட்டுட்டாங்க. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், இப்படி ஒரு ஆக்ஸில், இதுக்கு மேல நூறு குதிரையா? 948 சிசியை வச்சவனுக்கு என்ன தாங்கும்னு தெரிஞ்சிருக்கு.

"பழைய இன்ஜின் தொந்தரவு"ன்னு சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன். தொந்தரவு இன்ஜின்ல இல்ல, நம்ம பெட்ரோல்ல. 1966-ல இந்த இன்ஜின் குடிச்சது ஈயம் கலந்த பெட்ரோல். ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருந்துச்சு. உடம்புக்கு விஷம்னு 2000-ல நாடு பூரா அதை நிறுத்தினாங்க. நிறுத்தினது ரொம்பச் சரி, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா அதுக்கப்புறம் இந்த மாதிரி வார்ப்பு இரும்பு ஹெட்டுல வால்வு கொஞ்சம் கொஞ்சமா சீட்டைத் தின்னுட்டு உள்ள போகும். டப்பெட் இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வரும், கம்ப்ரெஷன் போகும். வைத்தியம் சுலபம். ஹெட்டைக் கழட்டி, கடினமான இரும்புல புது சீட்டு வளையம் இறக்கிட்டா ஜென்மத்துக்கும் கவலை இல்ல.

ரெண்டாவது, எத்தனால். 2023-ல இருந்து வர ஆரம்பிச்சு, இப்ப பங்குல எங்க போனாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான். எத்தனாலுக்கு மூணு குணம். தண்ணியை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வச்சு உப்ப வைக்கும், டேங்குல அம்பது வருஷமா படிஞ்ச அழுக்கைக் கரைச்சுக் கொண்டு வந்து கார்புரேட்டர் ஜெட்டுல அடைக்கும். என் வண்டி முதல் வாரத்துல மூணு தடவை நின்னது அதனாலதான். டேங்கை இறக்கிக் கழுவி, பெட்ரோல் ஓஸ் மொத்தத்தையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்தி, பம்ப் டயாஃப்ரமையும் மாத்தி, ஒரு ஃபில்டரைச் சேர்த்தோம். எத்தனாலுக்கு எரியுற சத்து பெட்ரோலை விடக் குறைச்சல், அதனால ஜெட்டையும் கொஞ்சம் பெருசாக்க வேண்டியதா இருந்துச்சு. அதுக்கப்புறம் நிக்கலை. மாருதி இன்ஜின் வச்சிருந்தாலும் பழைய டேங்குல இருந்து அதே அழுக்குதான் வந்து அடைச்சிருக்கும் :-)

இப்ப ஷெட்டு அண்ணனைப் பத்திச் சொல்லணும். வயசு அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு. பேரு போட வேண்டாம்னுட்டார். சின்ன வயசுல மில்லு முதலாளிங்க வீட்டு ஹெரால்டுங்களை ராஜபாளையத்துல வேலை பார்த்துப் பழகினவர். நான் வண்டியைக் கொண்டு போனப்ப பானட்டைக் கவிழ்த்துட்டு இன்ஜினைப் பார்க்கலை. குனிஞ்சு முன் சக்கரத்துக்கு உள்பக்கம் கைய விட்டுத் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"கிரீஸ் அடிச்சிருக்கானுங்க தம்பி."

"கிரீஸ்தானண்ணே அடிக்கணும்?"

"இதுக்கு ஆயிலு. நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னைத் தூக்கிட்டு வந்துருவானுங்க."

அவர் காட்டினது டிரனியன்னு சொல்ற சாமான். முன் சக்கரத்தைத் தாங்குற செங்குத்து இரும்போட அடிப்பக்கம் மரை போட்டு, ஒரு வெண்கலக் கட்டைக்குள்ள திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புறப்பல்லாம் அந்த மரைதான் திரும்புது. அதுக்கு கியர் ஆயில், தொண்ணூறு நம்பர், ஊத்தணும்னு டிரையம்ப் புத்தகத்துலயே இருக்கு. கிரீஸ் போட்டா மரைக்குள்ள முழுசாப் போகாது, காய்ஞ்சு இறுகிடும். அடியில தண்ணி தேங்கி துரு பிடிக்கும். பல வருஷம் கழிச்சு ஒருநாள் திருப்பத்துல அந்த இரும்பு முறிஞ்சு, சக்கரம் மடங்கி, வண்டி மூக்குக்குப்புற உட்காரும். ஸ்பிட்ஃபயர்காரங்க உலகம் பூரா பயப்படுற விஷயம் இது.

இதை நான் வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே புத்தகத்துல படிச்சிருந்தேன். அவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால பார்த்தது கிடையாது. நான் கிரீஸ்தானேன்னு கேட்டது சும்மா அவர் வாயைக் கிண்டத்தான். ஆனா விரலை மோந்து கண்டுபிடிக்கிறது எந்தப் புத்தகத்துல இருக்கு? கழட்டிப் பார்த்தா ஒரு பக்கம் மரை பரவாயில்ல, இன்னொரு பக்கம் பாதி தின்னுருந்துச்சு. இங்கிலாந்துல இருந்து ரெண்டு பக்கமும் புதுசா வரவழைச்சேன். ஸ்பிட்ஃபயர் வம்சமா இருக்கறதோட புண்ணியம் இங்கதான். அந்தக் கார் லட்சக்கணக்குல வித்ததால அங்க இன்னும் இந்தச் சாமானையெல்லாம் புதுசா வார்த்து விக்கிறாங்க. அம்பாசடர்காரங்க கூட கொஞ்சம் பொறாமைப்படலாம்.

எல்லாத்தையும் வெளிநாட்டுல இருந்து வாங்கணும்னு இல்ல. வாட்டர் பம்ப் ஷாஃப்டை ராஜபாளையத்துல ஒரு லேத் பட்டறையில கடைஞ்சு வாங்கினேன். 1936-ல ஆரம்பிச்ச ராஜபாளையம் மில்லுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அந்த ஊர்ல பஞ்சு மில்லுக்குக் குறைச்சலே இல்ல. மில்லு மெஷினுக்கு ஸ்பேர் கடைஞ்சு கடைஞ்சு பழகின கை. பழசைக் கையில கொடுத்தா "சாயங்காலம் வாங்க"ன்னாங்க. டிராயிங்கெல்லாம் கேக்கலை. நான் இன்ஜினியரிங் படிச்சப்ப ஒர்க்‌ஷாப்புல ஒரு செமஸ்டர் பூரா ஒரே ஒரு உருளையைக் கடைஞ்சு, அதுக்கு ரெக்கார்டு நோட்டுல இருபது பக்கம் எழுதினது ஞாபகம் வந்துச்சு. அவ்வ்வ்வ்.

என் கவலை இதுதான். அண்ணனோட பையன் கோயம்புத்தூர்ல வேற வேலையில இருக்கான். ஷெட்டுல இருக்குற சின்னப் பையனுக்கு கார்புரேட்டரே அபூர்வப் பொருள். அவன் பார்த்துப் பழகினதெல்லாம் கம்ப்யூட்டரை மாட்டி கோளாறு நம்பர் படிக்கிற வண்டிங்க. நான் மாருதி இன்ஜினை வச்சிருந்தா, அண்ணன் விரலுக்கு வேலையே இருந்திருக்காது. அந்தப் பையன் இப்ப சி.பி. பாயிண்ட் கேப் வைக்கிறான், ஃபீலர் கேஜை மறந்துட்டு வந்தா சிகரெட் டப்பா அட்டையைக் கிழிச்சு வைக்கிறான். (அண்ணன் கத்துக்கொடுத்த குறுக்குவழி. என்ஜின் ஓடுச்சு, நான் வாயைத் திறக்கலை.) கை கத்துக்கிட்டா அடுத்த முப்பது வருஷத்துக்கு வரும். வண்டி ஓடினாத்தான் கை கத்துக்கும்.

இங்கதான் வின்டேஜ் கட்சியோட எனக்குச் சண்டை.

2021 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழைய வண்டிங்களுக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. அம்பது வருஷம் தாண்டி, அசல் உருவத்துல, சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் பண்ணாம இருந்தா வின்டேஜ்னு பதியலாம். புதுசாப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. புதுசாப் பதியுற வண்டிக்கு நடுவுல 'வி.ஏ.'ன்னு எழுத்து போட்ட நம்பர். ஏற்கனவே நம்பர் இருந்தா அதையே வச்சுக்கலாம். விதி வந்தது நல்லதுதான், அதுக்கு முன்னாடி இந்த வண்டிங்களுக்கு நாதியே இல்ல. கேரேஜ்ல கோடி ரூபா ரோல்ஸ்ராய்ஸ் வச்சிருக்கறவருக்கு அது பொருந்தும். ஆனா பதிஞ்சுட்டா அந்த வண்டியை அன்றாடத்துக்கு ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு போகலாம். பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போறது எதுலயும் வராது. பெட்ரோல் போடப் போறேன்னு சொல்லிட்டு பால்கோவா வாங்கிட்டு வரலாம், அது வேற விஷயம் ;-)

நான் சாதாரணப் பதிவுலயே இருந்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். பதினஞ்சு வருஷம் தாண்டின கார்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிப் புதுப்பிக்கணும். வாத்தியார் அதை ஒரு தடவைகூட விடலை, நோட்டுப் போட்டு எழுதி வச்சிருந்தார். புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயா இருந்தது. 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆக்கினாங்க. 2025 ஆகஸ்ட்ல, இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000-ன்னாங்க. பழைய டீசல் லாரியை ரோட்டை விட்டு இறக்கணும்னு போட்ட கணக்குல ஹெரால்டும் மாட்டிக்கிச்சு. மாசத்துக்கு நூத்தம்பது கிலோமீட்டர் ஓடுற ஒரு கார் எவ்வளவு புகையை விட்டுடும்? புகையை அளந்து பார்த்து, பிரேக்கை சோதிச்சு, அதுல தேறலைன்னா நிப்பாட்டுங்க, நானே சாவியைத் தர்றேன். வயசை மட்டும் பார்த்து ரேட்டு போடுறதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல. ஆனாலும் பத்தாயிரம் கட்டி ரோட்டுல ஓட்டுறது, கம்மியாக் கட்டி ஷெட்டுல பூட்டுறதை விட எனக்கு லாபம்.

"ஒரு ஆணியைக்கூட மாத்தாதே"ங்கறதும் அதே மாதிரிதான். முன் சீட்டுக்கு பெல்ட்டு போட்டிருக்கேன். 1966-ல கிடையாது. சேஸிஸுக்குப் பட்டை வச்சு, கெட்டியா நட்டு போட்டுத்தான் மாட்டியிருக்கு. பழைய காலத்து டயருக்குப் பதிலா 13 இஞ்சு ரேடியல். பின்னாடி இண்டிகேட்டருக்குப் பிரகாசமான பல்பு, ஏன்னா ராத்திரி எட்டு மணிக்கு அந்த ரோட்டுல வர்ற பஸ்ஸுக்கு என் அசல் விளக்கு தீப்பெட்டிக் குச்சி மாதிரி. ஒரு பெரியவர் பார்த்துட்டு "அசல் போச்சே"ன்னார். அய்யா, அசல் 1966-ல இந்த ரோட்டுல என்ன டிராஃபிக் இருந்திருக்கும்? திரும்பக் கழட்டினா தடம் தெரியாம போற மாத்தம் எதையும் பண்ணலாம்ங்கறது என் கட்சி. வெட்டாம, வெல்டு வைக்காம, போல்ட்டுல மாட்டினது போல்ட்டுல வந்துடும். வண்டியோட சொந்தக் குணமே அதுதானே.

எங்கப்பா விஷயம் மட்டும் இன்னும் முடியலை. போன ஞாயித்துக்கிழமை முதல் தடவையா வண்டியில ஏறினார். ராஜபாளையம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. இறங்கறப்ப கியர் குச்சியைப் புடிச்சு ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். "முதல் கியருக்கு வண்டி முழுசா நின்னப்புறம்தான் போடணும், தெரியுமா?"ன்னார். தெரியும். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. அவருக்கு எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு பதில் வரலை. அம்மாகிட்ட விசாரிச்சுட்டு இருக்கேன்.

அடுத்த மாசம் ஹெட்டைக் கழட்டி வால்வு சீட்டு வேலை. பின் ஸ்பிரிங் பட்டையும் ஒரு பக்கம் தொங்குது, அதையும் இறக்கி ஏத்தணும். ஆகஸ்ட் மாசம் ஆண்டாள் கோயில் தேருக்குள்ள முடிச்சுடுவேன்னு அண்ணன் சொல்றார். எந்த வருஷத் தேர்னு சொல்லலை.

டிஸ்கி: இடது பின்பக்க லைட்டு கண்ணாடி கீறல் விட்டிருக்கு. யார் வீட்டுப் பரண்லயாவது, தாத்தா விட்டுட்டுப் போன தகரப் பெட்டியிலயாவது ஹெரால்டு சாமான் எதாவது கிடந்தா காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. விலைக்கே வாங்கிக்கிறேன். மாருதி இன்ஜின் இருக்கு வேணுமான்னு மட்டும் கேக்காதீங்க.